சீன வெள்ளைப் பீங்கான்: உங்கள் வீட்டுப் பழைய பரணி கோடிக்குப் போகுமா?

2007-ம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ஒரு வீட்டு வாசலில் நடந்த பழைய பொருள் விற்பனையில், ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணம் 3 டாலருக்கு விலைபோனது. 2013 மார்ச்சில் அதே கிண்ணத்தை சோதபீஸ் நிறுவனம் ஏலம் விட்டது. கிடைத்த தொகை 22 லட்சம் டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் சுமார் 12 கோடி ரூபாய். அது சுமார் 1,000 ஆண்டுகள் பழமையான, சீனாவின் 'டிங்' வகைக் கிண்ணம்.

இதைப் படித்ததும் பலரது கண் சமையலறைப் பக்கம் போகும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரப் பழைய வீடுகளில் ஊறுகாயும் உப்பு மாங்காயும் போட்டு வைக்கும் ஜாடிக்கு மலையாளத்தில் 'சீனபரணி' என்றுதான் பெயர். பெயரிலேயே சீனா இருக்கே, அப்போ நம்ம பரணியும் கோடிக்குப் போகுமா?

சுருக்கமான பதில்: அநேகமாகப் போகாது. ஆனால் தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைக்கும் ஒரு உடைந்த வெள்ளை ஓடு, வரலாற்றைப் பொறுத்தவரை அந்தப் பரணியைவிட முக்கியமானதாக இருக்கலாம்.

பழைய சீன வெள்ளைப் பீங்கான் என்பது எது?

வட சீனாவில் 6-ம் நூற்றாண்டிலேயே வெள்ளை மெருகு பூசிய பாண்டங்கள் செய்யப்பட்டன. ஹெனான் மாகாணத்தின் அன்யாங்கில், கி.பி. 575-ஐச் சேர்ந்த கல்லறை ஒன்றில் அவை கிடைத்தன. பிறகு வந்தவற்றில் நான்கு வகைகள் முக்கியமானவை:

• ஷிங்: ஹெபெய் மாகாணம். தாங் அரச காலத்தில் புகழ்பெற்ற தூய வெள்ளை.

• டிங்: இதுவும் ஹெபெய்தான். தந்தம் போன்ற இளமஞ்சள் சாயல். 11-ம் நூற்றாண்டு முதல் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் பலவற்றின் விளிம்பில் மெருகு இருக்காது. அதை மறைக்க உலோகப் பட்டை கட்டினார்கள்.

• சிங்பாய்: ஜிங்தெசென் நகரம். வெள்ளையில் மெல்லிய நீலச் சாயல்.

• தெஹுவா: ஃபூஜியான் கடலோர மாகாணம். ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றது.

இதெல்லாம் தென்னிந்தியாவுக்கு வந்ததா?

வந்தது. சீன வணிகர்களுக்கு மலபார் மிளகு வேண்டும். மிளகு அங்கே போனது, பீங்கான் இங்கே வந்தது. 2014-ல் கொல்லம் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது சீன நாணயங்களும் பீங்கான் ஓடுகளும் வெளிவந்தன. தமிழகத்தில் ராமநாதபுரம் அருகே பெரியபட்டினத்தில் பச்சை மெருகு ஓடுகளுடன் ஃபூஜியான் வெள்ளை ஓடுகளும் கிடைத்தன. கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டிலும் சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இவை பெரும்பாலும் உடைந்த ஓடுகள். கிடைத்த இடங்களும் துறைமுகங்கள் அல்லது தலைநகரம். மலையோர வீட்டுப் பரணில் முழுசாக ஒரு ஷிங் கிண்ணம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்போ என் வீட்டுப் பரணி எது?

மேலே பழுப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு நிறத்தில் இருந்தால், அது அநேகமாக 20-ம் நூற்றாண்டில் இந்தியத் தொழிற்சாலையில் செய்த ஜாடி. வேறு மாதிரி இருந்தால் இவற்றைப் பாருங்கள்:

• அடியில் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

• மெருகில் மயிரிழை விரிசல் இருப்பதால் மட்டும் அது பழசு ஆகிவிடாது. புதுப் பாண்டத்திலும் விரிசலை உண்டாக்கி, தேநீர்ச் சாயம் ஏற்றி விற்கிறார்கள்.

• "ஆய்வகச் சான்றிதழ் இருக்கு" என்று சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள். களிமண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று மதிப்பிடும் தெர்மோலூமினசென்ஸ் சோதனையையே கதிர்வீச்சு செலுத்தி ஏமாற்ற முடியும்.

வாங்கலாமா, விற்கலாமா?

தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-ன்படி 100 ஆண்டுகளைத் தாண்டிய கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருளாகும். பீங்கானும் இதில் அடங்கும். வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் அதிகாரம் மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. ஆகவே, 'வெளிநாட்டு ஏலத்தில் விற்றுத் தருகிறேன்' என்று யாராவது வந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

மண்ணுக்கு அடியில் கிடைத்தால்?

கேரளத்தில் புதையல் சட்டம், 1968 இருக்கிறது. தமிழகத்தில் 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். நிலத்தில் புதைந்திருந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கழுவித் துடைத்து எடுத்து வைக்காதீர்கள். எந்த ஆழத்தில், எதனுடன் சேர்ந்து கிடைத்தது என்பதுதான் ஆய்வாளர்களுக்கு முக்கியம். அந்த ஓடு கடலோரத்திலிருந்து எந்த வழியாக, எந்தக் காலத்தில் மலையேறியது என்பதை அதை வைத்துத்தான் கணிக்க முடியும். இடம் தெரியாத ஓடு வெறும் ஓடுதான்.

இந்தச் சிக்கல் உலக அளவிலும் உண்டு. 1998-ல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவு அருகே 9-ம் நூற்றாண்டு அரபு பாணி மரக்கலம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சுமார் 60,000 பொருட்கள் இருந்தன. பெரும்பாலானவை சாங்ஷா கிண்ணங்கள். அவற்றுடன் வெள்ளைப் பீங்கான்களும் இருந்தன. ஆனால் அகழ்ந்து எடுத்தது வணிக நிறுவனம் என்பதால் தொல்லியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2011-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன், தான் நடத்தவிருந்த கண்காட்சியையே கைவிட்டது.

பார்க்க ஆசை, என்ன செய்யலாம்?

பம்பாயில் பிறந்த பெர்சிவல் டேவிட் சேர்த்த சீனப் பீங்கான்கள், சுமார் 1,700, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டிங் வகையும் அதில் உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்தில் சீன, ஜப்பானியப் பீங்கான்களைப் பார்க்கலாம்.

வீட்டுப் பரணியில் தொடர்ந்து மாங்காய் போடுங்கள். யார் எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு அதன் வயதைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்பு உதவும்.