சென்னையில நாடகம் படிக்கிறீங்களா? பழக்கத்தை இப்படி வளர்த்துக்கோங்க!

நடிப்பு கத்துக்க சென்னைக்கு வந்தாச்சு. ஆனா, இங்கே ஒருத்தரையும் தெரியாதா? கவலை வேண்டாம். ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில், விஜய் சேதுபதி முதலில் சேர்ந்தது கணக்காளராகத்தான்!

* எழும்பூர் மியூசியம் தியேட்டர், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களில் நாடகம் பாருங்க. முடிஞ்சதும் கிளம்பிடாம, பிடிச்ச காட்சியைப் பற்றி நடிச்சவங்ககிட்ட பேசுங்க.

* செல்ஃபியோடு நிறுத்தாம, 'செட் தூக்க ஆள் வேணுமா?'னு கேளுங்க. ஒத்திகைக்கு நேரத்துக்கு வர்றவங்களைத்தான் அடுத்த நாடகத்துக்கும் கூப்பிடுவாங்க.

* கூடப் படிக்கிறவங்களைப் போட்டியா பார்க்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு வேஷம் தரப்போற இயக்குநர் அவங்கள்ல ஒருத்தரா இருக்கலாம்.

* ஆடிஷனுக்குப் பணம் கேட்டா, அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க. வாய்ப்பு தர்றவங்க காசு கேட்க மாட்டாங்க.