போம் ஜேசு ஆலயம்

நமது பரதர் குலத்தாருள் அர்ச். சவேரியாரின் திருநாமத்தை அறியாதார் இலர். 1542-ம் வருஷம் முத்துக்குளித்துறைக்கு எழுந்தருளி, ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பித்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தவர் அவர். எனினும், அம்மகானின் திருவுடல் வைக்கப்பெற்றுள்ள பழைய கோவா போம் ஜேசு ஆலயத்தின் சிற்பச் சிறப்பை நம்மவரிற் பலர் அறியார். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவ்வாலயம் 1594-ல் தொடங்கப்பெற்று, 1605-ல் அபிஷேகஞ் செய்யப்பட்டது. சுவர்கள் செம்புரைக் கல்லாலானவை. முகப்பின் தூண்களும் அலங்காரங்களும் எரிமலைக் கருங்கல்லிற் செதுக்கப்பட்டவை. அம்முகப்பின் உச்சியில் இயேசு திருநாமத்தின் எழுத்துக்கள் விளங்குகின்றன. உள்ளே பொன் பூசிய பெரும் பீடத்தில் அர்ச். இஞ்ஞாசியாரின் பேருருவம் நிற்க, அதன் மேலே திரித்துவத்தின் உருவம் அமைந்திருக்கின்றது.

அர்ச். சவேரியாரின் கல்லறை இரண்டு தேசத்துக் கைவேலைகளின் சங்கமமாம். திருவுடலைத் தாங்கும் வெள்ளிப்பேழையை 1637-ல் செய்து முடித்தவர் கோவாவின் தட்டார்கள். அதன் கீழுள்ள சலவைக்கல் மேடையோ இத்தாலி தேசத்துப் பிளாரன்சு நகரச் சிற்பி பொகினி சமைத்தது. புனிதரின் தலையணையைப் பெற்ற தஸ்கனி பெருங்கோமான் மூன்றாம் கோசிமோ அதற்குக் கைம்மாறாக இதனை அளித்தார். பத்து வருஷ வேலையான அது 1698-ல் இங்கு நிறுவப்பட்டது. அதன் நான்கு வெண்கலத் தகடுகளில் புனிதரின் சரித்திரம் பொறிக்கப்பட்டுள்ளது.

இன்று அவ்வாலயத்தின் செந்நிறங் கண்டு வியப்பவர் அதுவே ஆதிக்கோலமென எண்ணுவர். உண்மை அதுவன்று. முன்னோர் சுவர்களுக்குச் சுண்ணச்சாந்து பூசியிருந்தனர். செம்புரைக் கல் நீரை உறிஞ்சும் இயல்பினது. கோவாவின் பெருமழைக்குச் சாந்தே கவசம். 1950-களில், பழமை தோன்றட்டும் என்று அச்சாந்தை உரித்தனர். அதன்பின் மழை கல்லை அரித்து வருகின்றது. கண்ணுக்குப் பழமை காட்டும் ஆசையே உண்மைப் பழமைக்கு ஊறு விளைத்தது.

நமது கரையோர ஊர்களின் ஆலயங்களையும் நாம் புதுக்கியும் இடித்தும் கட்டி வருகின்றோம். அங்கெல்லாம், ஒவ்வொரு சாந்தும் மரமும் எதற்காக வைக்கப்பட்டதென முதலில் விசாரித்தறிவோமாக. அவ்வாறு அறிந்த பின்னரே கைவைத்தல் நம் முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதையாகும்.