திருக்காவலூர் இலக்கியங்களில் பெண்குரலும் ஆசிரியர் தன்னடையாளமும்

எழுத்தில் ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ புலப்படுத்துவது இணையவெளியில் தோன்றிய புது வழக்கமன்று. தொல்காப்பியம் தலைவி, தோழி, செவிலி ஆகியோரின் கூற்றுகளைப் பாடுவோரிடமிருந்து பிரித்தே காட்டுகிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். இம்மரபை அயல்நாட்டுத் துறவி ஒருவர் கையாண்ட முறையை ஏலாக்குறிச்சியோடு தொடர்புடைய நூல்களில் காணலாம்.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபகுதியில் அமைந்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டவர் வீரமாமுனிவர். இத்தாலியின் காஸ்திலியோனில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1710இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி. அவர் காவியுடை அணிந்ததையும் தமிழ்ப் பெயர் பூண்டதையும் வரலாற்றாசிரியர் பலர் விரித்துரைத்துள்ளனர். 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றில் பிற்காலப் புனைவுகளும் கலந்திருக்கக்கூடும். ஆகவே, உடையைவிட நூல்களே உறுதியான சான்றாகும்.

அவ்வூர் அடைக்கல மாதாவைப் பாடும் திருக்காவலூர்க் கலம்பகம் அவர் இயற்றியது. கலம்பகம் பல குரல்கள் கலந்த இலக்கிய வகை. அம்மானை, ஊசல் என்பன மகளிர் விளையாட்டில் பிறந்த உறுப்புகள். இரங்கல் தலைவியின் துயரமொழி. குறம் குறத்தியின் கூற்று. இவ்வகையைத் தேர்ந்தெடுக்கும் புலவர் தம் பாலைக் கடந்த குரல்களையும் ஏற்க வேண்டியவராகிறார்.

கித்தேரியம்மாள் அம்மானையில் இது மேலும் ஆழமாகிறது. தந்தை விதித்த திருமணத்தை மறுத்து உயிர்துறந்த கன்னியாகக் கித்தேரியைக் கிறித்தவ மரபு போற்றுகிறது. அவளது வரலாற்றை, பெண்கள் ஒருவரையொருவர் விளித்துப் பாடும் வடிவில் மணத்தை விலக்கிய துறவி ஒருவர் பாடினார். துறவும் மறுப்பும் இருவருக்கும் பொதுவாயின. எனினும், விளைவுகள் ஒன்றல்ல: ஆணின் துறவுக்கு நிறுவனத்தின் மதிப்பு கிட்டியது, பெண்ணின் மறுப்புக்கு உயிரே விலையாயிற்று.

இங்குதான் ஆய்வாளர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பெண்குரலில் அமைந்த பாடலை அக்காலப் பெண்களின் வாக்குமூலமாகக் கொள்வது பிழை. வெறும் வேடமென ஒதுக்குவதும் பிழையே. பிறர் குரலைப் பேச ஆண்புலவருக்கு மரபு உரிமை வழங்கியது. அக்குரலுக்குரிய பெண்கள் தாமே எழுதிய ஏடுகளோ மிகக் குறைவு. முகம் காணாது எழுத்தால் மட்டும் பழகும் இன்றைய உரையாடல்களிலும் இவ்வினாவே எஞ்சுகிறது: எந்தக் குரலையும் ஏற்கும் உரிமை யாருக்குக் கிட்டுகிறது, அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே அது.