முப்பது கிரெடிட்டின் வரலாறு: அமெரிக்கக் கணக்காளர் உரிமமும் வகுப்பறைக்கு வெளியே ஈட்டும் படிப்பும்

அமெரிக்காவில் சி.பி.ஏ. (சான்றளிக்கப்பட்ட பொதுக் கணக்காளர்) உரிமம் வேண்டுவோரிடம் மூன்று கேட்கப்படும்: தேர்வு, பணி அனுபவம், படிப்பு. படிப்பின் அளவு நெடுங்காலமாக 150 கிரெடிட்டாக இருந்தது. நான்காண்டு இளநிலைப் பட்டமோ 120 கிரெடிட்டிலேயே முடிந்துவிடும். மிச்சமுள்ள 30 எந்தப் பாடத்தில், யாரிடம் படித்ததாக இருக்க வேண்டும் என்பதைப் பல மாநிலங்களின் விதிகள் திறந்தே விட்டுவிட்டன. கிளெப் தேர்வு (வகுப்பில் சேராமலே எழுதிக் கிரெடிட் பெறும் தேர்வு), இணையவழிப் பாடம், ராணுவப் பயிற்சி முதலியவற்றால் கிடைக்கும் மாற்றுவழிக் கிரெடிட்டுகள் அந்த இடைவெளி வழியே உள்ளே வந்தன. தொழில்வட்டாரத்தில் சிலர் இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிக்கிறார்கள். விதி உருவான வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பழி பொருந்தவில்லை. விதியை எழுதியவர்கள் நேரத்தைத்தான் அளந்தார்கள். அதே நேரத்தை மலிவாகப் பெற வழி கண்டவர்கள் விதியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே நடந்தார்கள்.

1896 ஏப்ரலில் நியூயார்க் மாநிலம் நாட்டின் முதல் சி.பி.ஏ. சட்டத்தை இயற்றியது. அது கல்லூரிப் பட்டம் எதையும் கேட்கவில்லை. நன்னடத்தையும் தேர்வும் போதும். சான்றிதழ் வழங்கும் பொறுப்பு அம்மாநிலக் கல்வி ஆட்சிக்குழுவான ரீஜென்ட்ஸிடம் இருந்தது. அன்றைய கணக்காளர்கள் மூத்தவரின் அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகியவர்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரி 1900இல்தான் தொடங்கியது. ஹோமர் பேஸ், சார்லஸ் பேஸ் என்ற சகோதரர்கள் 1906இல் மாலை வகுப்புகள் தொடங்கினார்கள். இன்றைய பேஸ் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். சிகாகோவில் லசால் நிறுவனம் அஞ்சல்வழியில் கணக்கியல் கற்பித்தது. ஆக, மாற்றுவழிக் கல்விதான் இத்தொழிலில் முதலில் வந்தது. பட்டக் கட்டாயம் பின்னால் வந்து சேர்ந்தது. அதைச் சட்டமாக்கிய முதல் மாநிலமும் நியூயார்க்கே. 1929இல் இயற்றி, 1938இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கிரெடிட் என்ற அலகின் பிறப்புக் கதை இன்னும் விசித்திரமானது. ஆண்ட்ரூ கார்னகி 1905இல் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். எந்தக் கல்லூரிக்கு அந்தப் பணம் என்று முடிவுசெய்ய, கல்லூரி என்றால் என்ன என்பதை அவருடைய அறக்கட்டளை வரையறுக்க வேண்டியதாயிற்று. உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட அளவு மணிநேரம் படித்தவர்களைச் சேர்ப்பதே கல்லூரி என்று வகுத்து, அந்த மணிநேரத்துக்கு ஓர் அலகும் வைத்தார்கள். அதன் வழியில் கல்லூரிக்குள்ளும் 'கிரெடிட் மணி' நிலைபெற்றது: ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு மணி வகுப்பு, அதோடு வகுப்புக்கு வெளியே இரண்டு மணி உழைப்பு. மாணவர் என்ன கற்றார் என்பதைச் சொல்ல இந்த அலகை யாரும் உருவாக்கவில்லை. நிர்வாகக் கணக்குக்குப் பிறந்த அளவுகோல் ஒரு தொழிலின் வாசற்காவலாக நின்றது, கணக்காளர்களே ரசிக்கக்கூடிய முரண்.

இருக்கையில் அமர்ந்த நேரத்துக்குக் கிரெடிட் என்றால், அதே அறிவை வேறிடத்தில் பெற்றவருக்கு என்ன? இரண்டாம் உலகப்போர் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்கியது. படையிலிருந்து திரும்பியவர்களின் பயிற்சியை மதிப்பிட்டு, இத்தனை கிரெடிட் தரலாம் என்று கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்கும் வேலையை அமெரிக்கக் கல்வி மன்றம் ஏற்றது. 1960களில் கல்லூரி வாரியம் கிளெப் தேர்வுகளைக் கொண்டுவந்தது. 1970களில் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு நடத்தும் வகுப்புகளும் இதே மதிப்பீட்டுக்குள் வந்தன. 1971இல் நியூயார்க் ரீஜென்ட்ஸ் வகுப்பறையே இல்லாத வெளிவாரிப் பட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இன்றைய எக்செல்சியர் பல்கலைக்கழகம் அதன் தொடர்ச்சி. முதல் சி.பி.ஏ.வுக்குச் சான்றிதழ் தந்ததும் இதே ரீஜென்ட்ஸ் குழுதான்.

ஏறத்தாழ இதே காலத்தில் கணக்காளர் தொழில் எதிர்த்திசையில் நடந்தது. எல்மர் பீமர் தலைமையிலான அமெரிக்கச் சி.பி.ஏ. கழகக் குழு 1969இல், ஐந்தாண்டுக் கல்லூரிப் படிப்பு, அதாவது 150 கிரெடிட், இருந்தால் பணி அனுபவம் வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. ஐந்தாண்டுப் படிப்பை ஹவாய் மாநிலம் முதலில் ஏற்றது. புளோரிடா 1983இல் நடைமுறைப்படுத்தியது. 2000க்குப் பின் சேரும் உறுப்பினருக்கு 150 கிரெடிட் கட்டாயம் என்று அமெரிக்கச் சி.பி.ஏ. கழகத்தார் 1988இல் வாக்களித்தார்கள். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: நியூயார்க் 2009இல், கலிஃபோர்னியா 2014இல். ஆனால் அனுபவத்தைக் கைவிடலாம் என்ற பாதிப் பரிந்துரை மட்டும் வழியிலேயே உதிர்ந்துபோனது. பெரும்பாலான மாநிலங்களில் கூடுதல் படிப்பும் ஓராண்டு அனுபவமும் சேர்ந்தே கேட்கப்பட்டன.

இனி நடைமுறைக்கு வருவோம். கிளெப் தேர்வில் 90 நிமிடம் உட்கார்ந்து, ஏறத்தாழ 100 டாலர் கட்டித் தேறினால் பெரும்பாலும் மூன்று கிரெடிட் கிடைக்கும். சில மொழித் தேர்வுகளில் அதற்கும் மேல். முதுநிலைப் படிப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. ஆனால் கல்வி மன்றத்தின் பரிந்துரை தானாகவே கிரெடிட் ஆகிவிடாது. அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரி அதை ஏற்று, தன் மதிப்பெண் பட்டியலில் பதிய வேண்டும். மாநில வாரியம் பொதுவாகப் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். பதிவு இருந்தால் செல்லும், இல்லையென்றால் செல்லாது. கற்றலுக்கான சாட்சியைக் காட்டிலும் அதைப் பதிந்த நிறுவனத்தின் முத்திரைக்கே எடை அதிகம்.

இன்னொரு வரம்பும் உண்டு. கிளெப்பின் நிதிக் கணக்கியல் தேர்வு தொடக்கநிலைப் பாடத்துக்கு ஈடு. டெக்சஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் கணக்கியல் கிரெடிட்டுகளைக் கல்லூரி மேல்வகுப்புப் பாடங்களிலேயே கேட்கின்றன. தணிக்கையும் வரிச்சட்டமும் கல்லூரியில்தான் படித்தாக வேண்டும்; மொத்தக் கணக்கை நிரப்ப வரலாறோ சமூகவியலோ தேர்வெழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். நிதியறிக்கையைத் தணிக்கை செய்யும் தகுதி அதனால் எப்படிக் கூடும் என்று யாராவது கேட்டால் விதியை எழுதியவர்களிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆய்வுகளும் அதே ஐயத்தை எழுப்பின. 150 கிரெடிட் விதி தேர்வு எழுதுவோர் எண்ணிக்கையைக் குறைத்தது, நுழைந்தவர்களின் தரத்தைக் கண்கூடாக உயர்த்தவில்லை என்று ஜான் பாரியோஸ் காட்டினார். சதர்லண்ட், உக்கர்ட், வெட்டர் ஆகிய மூவரின் ஆய்வில் சிறுபான்மையினரின் நுழைவு 26 விழுக்காடு சரிந்திருந்தது. ஆள் பற்றாக்குறை நெருக்கவே, தொழில் அமைப்புகள் 2023இல் துலேன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே 30 கிரெடிட் வரை இணையத்தில் ஈட்டும் திட்டத்தைத் தொடங்கின. மாற்றுவழிக்குத் தொழிலே முத்திரை குத்திய தருணம் அது. ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. 2025 ஜனவரியில் ஒஹையோவில் கையெழுத்தான சட்டம், இளநிலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் தேர்வும் போதும் என்றது. அவ்வாண்டு முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழிக்கு வந்தன. 2014க்கு முன் கலிஃபோர்னியாவில் இருந்து வழக்கொழிந்த பாதை இதுவே. பீமர் குழு அனுபவத்தை நீக்கிப் படிப்பை நீட்டியது. இப்போது படிப்பைச் சுருக்கி அனுபவத்தை நீட்டுகிறார்கள்.

பழைய 150 கிரெடிட் பாதையும் பெரும்பாலான இடங்களில் தொடர்கிறது. விரைவில் உரிமம் வேண்டுவோருக்கு மலிவான கிரெடிட் இன்றும் பயன்படும். சென்னையில் இத்தேர்வை எழுதுவோருக்குக் கணக்கு வேறு. மூன்றாண்டு பி.காம். பட்டம் வழக்கமாக 90 கிரெடிட்டாகவே மதிப்பிடப்படுவதால், அவர்களுக்கு எட்டாமலிருந்தது 30 அல்ல, 60. அதை எம்.காம்., சி.ஏ. போன்ற இந்தியத் தகுதிகளைக் கொண்டு நிரப்பிவந்தார்கள். புதிய பாதையில் மணிக்கணக்கின் இடத்தில் பட்டம் வந்து நிற்கிறது. மூன்றாண்டுப் பட்டத்தை இளநிலைப் பட்டம் என்று ஏற்பதா என்ற கேள்வியில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களும் மாநில வாரியங்களும் ஒரே முடிவில் இல்லை. விண்ணப்பிக்கும் மாநிலத்தைப் பொறுத்து விடை மாறுகிறது.