ஜப்பான் பெட்டியா, நம்ம ஊர் பெட்டியா?

பழைய கார் பைத்தியம் பிடித்தவர் யாராவது உங்கள் நண்பர் வட்டத்தில் உண்டா? அவரிடம் 1970 வாக்கில் ஜப்பானில் செய்த, இரண்டு கதவு நிஸான் ஸ்கைலைன் ஒன்று விலைக்கு வருகிறது என்று வையுங்கள். பின்புறம் 'ஜி.டி-ஆர்' என்று பளபளக்கிறது. நம்ம ஆள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேராக பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரைத் தேடுவார். 'கே.பி.ஜி.சி.10' என்று இருந்தால் அசல். நடுவில் அந்த 'பி' இல்லாமல் 'கே.ஜி.சி.10' என்று இருந்தால், சாதாரண ஜி.டி. காருக்கு யாரோ பட்டயம் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வித்தியாசம் ஓர் எழுத்துதான். விலையோ மலைக்கும் மடுவுக்கும்!

சிவகாசிப் பக்கம் இதே வேலையை வேறொரு ஜப்பான் சரக்குக்குச் செய்யலாம். அது உள்ளங்கையில் அடங்கிவிடும். தீப்பெட்டி!

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்ப்போம். 'சேஃப்டி' தீக்குச்சியை உலகுக்குத் தந்தது ஸ்வீடன். பாரீஸில் படித்துவிட்டுத் திரும்பிய மகோடோ ஷிமிஸு என்ற ஜப்பானியர், 1875-ல் டோக்கியோவில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார். சில பத்தாண்டுகளில் கோபேயிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பல் கப்பலாகத் தீப்பெட்டி கிளம்பிவிட்டது. லேபிளில் யானை, புலி, நம்ம ஊர் சாமி படங்கள்கூட! வாங்குகிறவன் மனசு தெரிந்த வியாபாரிகள். ஸ்வீடன் லேபிள்களைப் பார்த்து அப்படியே வரைந்து, ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு அச்சடித்ததும் உண்டு. ஆக, 'ஜப்பான் அசல்' என்று நாம் தேடுவதே சில சமயம் இன்னொன்றின் நகல்தான்!

முதல் உலகப் போரில் ஸ்வீடன் சரக்கு வரத்து குறைய, இந்தியச் சந்தையை ஜப்பான் பிடித்தது. 1922-ல் வெள்ளைக்கார அரசு இறக்குமதி வரியை குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. கஜானாவை நிரப்பப் போட்ட வரி, உள்ளூர்க்காரனுக்கு மதில் சுவராகிவிட்டது. அந்தக் காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி. விவசாயிக்கு அது சாபம். குச்சி காயப்போடுகிறவனுக்கோ வரம். ஸ்வீடன்காரர்கள் சும்மா இருப்பார்களா? மதிலுக்கு உள்ளேயே வந்து, 1923-ல் 'விம்கோ'வைத் தொடங்கினார்கள்.

சரி, இப்போது நீங்கள் ஒரு பழைய சாமான் கடையில் நிற்கிறீர்கள். கடைக்காரர் ஒரு லேபிளை நீட்டி, "சார், நூறு வருஷத்து ஜப்பான் அயிட்டம்" என்கிறார். என்ன பார்ப்பீர்கள்?

முதலில் ஊர் பெயர். வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்கு போல வேஷம் போடக்கூடாது என்று 1889-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதனால் 'மேட் இன் ஜப்பான்' என்ற வரியைத் தேடுங்கள். 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால், போரில் தோற்று அமெரிக்கப் பிடியில் இருந்த நாட்களின் சரக்கு. 1952-க்கு மேல் போகாது.

அடுத்து, ஒரு பூதக்கண்ணாடி. பழைய கல் அச்சில் வண்ணம் கொரகொரப்பாக, திட்டுத் திட்டாக விழும். வரிசை பிசகாமல் நான்கு வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் உஷார்... ஆஃப்செட்டில் மறுபடி அடித்ததாக இருக்கலாம். அச்சுத் தொழிலுக்குப் பெயர்போன ஊரில் இது பெரிய காரியமா என்ன!

சிவகாசி லேபிள் என்றால் வயசு சொல்வது இன்னும் சுலபம். 'ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்' என்று இருந்தால், பெரும்பாலும் 1985-க்கு முந்தையது. அந்த வருஷம்தான் காமராஜர் மாவட்டம் பிரிந்தது. அதுவே பிறகு விருதுநகர் மாவட்டம் ஆனது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969-க்கு முன். 626123 என்று ஆறு இலக்கம் இருந்தால், 1972-ல் பின்கோடு வந்த பிறகு. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது; பெட்டியைச் சுற்றி 'பேண்ட்ரோல்' என்ற வரிப் பட்டை ஒட்டியிருந்தால் கதை அதற்குப் பிறகு.

இதெல்லாம் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஆனால், லேபிள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது.

1899-ல் யோகோயாமா கென்னோசுகே என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர், தன் நாட்டு ஏழைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒசாகா, கோபே தீப்பெட்டித் தொழிற்சாலைகளும் வருகின்றன. உள்ளே பெண்கள், சின்னஞ்சிறு பிள்ளைகள். பல வருஷம் கழித்து அதே காட்சி நம் சிவகாசியில். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியில் சேர வேண்டும் என்றது. தொழில் மட்டுமல்ல, அதன் பாவமும் கடல் தாண்டி வந்திருந்தது!

அதனால் அந்த லேபிளை வாங்கும்போது பின்பக்கமும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். காய்ந்த பசை இருக்கும். மரச்செதில் பெட்டியின் நீலத் தாள் கொஞ்சம் ஒட்டியிருக்கும். காருக்கு சேஸிஸ் நம்பர் உண்டு. அந்தப் பசையைத் தடவிய விரலுக்குத்தான் எந்த நம்பரும் கிடையாது.