லினக்ஸ் ஃபயர்வாலில் முகவரி மாற்றம்

ஒரே பொது ஐபி முகவரியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ள உதவும் முறை பிணைய முகவரி மாற்றம், சுருக்கமாக ‘நாட்’. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் இருவரும் ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணத்தில் இதை விவரித்தனர்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், பௌர்ணமியன்று அறைகள் நிரம்பிய ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். 192.168.1.23 என்ற முகவரியுள்ள கைபேசி அனுப்பும் பாக்கெட் ஃபயர்வாலைத் தாண்டும்போது, அனுப்புநர் இடத்தில் விடுதியின் பொது முகவரி எழுதப்படுகிறது. தேவைப்பட்டால் போர்ட் எண்ணும் மாறும். எது எதுவாக மாறியது என்ற கணக்கை ‘கான்ட்ராக்’ அட்டவணை வைத்திருந்து, பதிலை உரிய கைபேசிக்கே சேர்க்கிறது. கோயில் வாசலில் செருப்பு விடுமிடத்து டோக்கன் போலத்தான். கூட்டம் மிகுந்து அட்டவணை நிரம்பினால் புதிய இணைப்புகள் கைவிடப்படும்.

அமைக்கும்போது முதல் வேலை, கெர்னலில் ‘ஐபி ஃபார்வர்டு’ மதிப்பை 1 ஆக்குவது. இதை நிரந்தரமாகப் பதியாமல் விட்டுவிட்டு, மறுதொடக்கத்துக்குப் பின் தலையைச் சொறிபவர்களே அதிகம். அடுத்து, நாட் அட்டவணையின் ‘போஸ்ட்ரவுட்டிங்’ சங்கிலியில் வெளிப்புற இடைமுகத்துக்கு ‘மாஸ்கரேடு’ விதி. பொது முகவரி நிலையானது என்றால் அதற்குப் பதில் ‘எஸ்நாட்’ போதும். இவ்விதிகளை எழுதும் கருவிகளில் ஐபிடேபிள்ஸ் 2001இல் வந்த 2.4 கெர்னலிலிருந்தும், என்எஃப்டேபிள்ஸ் 2014இல் வந்த 3.13இலிருந்தும் உள்ளன.

நாட் மட்டும் காவல் ஆகாது. வெளியிலிருந்து பதில் பாக்கெட்டுகளை மட்டும் அனுமதிக்கும் ‘ஃபார்வர்டு’ விதிகளைத் தனியே எழுத வேண்டும்.