ஞாயிற்றுக் குடும்பத் தோற்றம்: ஒரு கொள்கையின் வரலாறு

ஞாயிறும் அதனைச் சூழ்ந்தோடும் கோள்களும் எவ்வாறு தோன்றின என்னும் வினாவுக்கு மேனாட்டறிஞர் இருநூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக விடை தேடி வந்துள்ளனர். அத்தேடலில் ஒரு கொள்கை எழுந்து, தடையால் தளர்ந்து, விடை கண்டு மீண்டும் நிலைபெற்றது. தடைவிடைகளால் பொருள் துணியப்படும் முறைமைக்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டாதலின், அதன் வரலாறு ஈண்டு ஆராயப்படுகின்றது.

கோள்கள் யாவும் ஞாயிற்றை ஒரே திசையிற் சுற்றுகின்றன. அவற்றின் வழிகள் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைந்துள்ளன. ஞாயிறும் அத்திசையிலேயே தன்னைத்தான் சுழல்கின்றது. இவ்வொழுங்கு தற்செயலாய் வாய்த்தல் அரிது. ஆகவே, பரந்து கிடந்த ஒரு முதற்பொருளினின்றே இவையெல்லாம் திரண்டன எனச் செருமானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் என்பார் 1755-இல் ஒரு நூலில் உரைத்தார். பதிப்பாளர் பொருள் முறிவுற்றமையால் அந்நூல் பலர் கைக்கு எட்டிற்றிலது. 1796-இல் பிரெஞ்சுக் கணித வல்லார் லாப்லாஸ் என்பார் இதனையொத்த கொள்கையொன்றைத் தாமே வெளியிட்டார். வெப்பமிக்க வாயுப்படலம் சுழன்று குளிர்ந்து சுருங்குங்கால் அதனினின்று வளையங்கள் பிரிந்தன என்பதும், ஒவ்வொரு வளையமும் திரண்டு ஒரு கோளாயிற்று என்பதும் அவர் கூற்று.

நெடுங்காலம் போற்றப்பட்ட இக்கொள்கைக்குப் பின்னர்ப் பெருந்தடையொன்று எழுந்தது. சுழலும் பொருள் சுருங்குந்தோறும் விரைந்து சுழலும் என்பது இயற்கை விதி. அங்ஙனமாயின், நடுவிற் சுருங்கிய ஞாயிறு மிக விரைவாகச் சுழலுதல் வேண்டும். அதுவோ ஒருமுறை சுழல ஏறக்குறைய 25 நாள் கொள்கின்றது. குடும்பத்தின் மொத்தப் பொருண்மையில் 1000-க்கு 998 பங்குக்குமேல் ஞாயிற்றினிடம் உளது. சுழற்சியின் அளவாகிய கோண உந்தத்திலோ 100-க்கு ஒரு பங்கும் அதனிடம் இல்லை. இது யாங்ஙனம் கூடும் என்பதே தடை.

இதற்கு விடை காணாத நிலையில், அமெரிக்க அறிஞர் சேம்பர்லின், மூல்ட்டன் என்போரும், பின்னர் ஆங்கிலேய அறிஞர் ஜீன்ஸ், ஜெப்ரீஸ் என்போரும் வேறொரு வழி கண்டனர். யாதோவொரு விண்மீன் ஞாயிற்றை அணுகிக் கடந்தபோது, ஞாயிற்றினின்று ஈர்க்கப்பட்ட பொருளே கோள்களாயிற்று என்றனர். விண்மீன்களின் இடைவெளி மிகப் பெரிதாதலின் அத்தகைய அணுகுதல் மிக அரிது. அஃது உண்மையாயின், நிலவுலகும் அதுபோல்வனவும் அரியதொரு விபத்தின் விளைவேயாம். ஆகவே இவ்வழக்கு கணிதத்தின் அளவில் நில்லாது, உயிர்கள் வாழ்தற்குரிய உலகங்கள் பலவோ சிலவோ என்னும் பெருவினாவையும் தன்னகத்துக் கொண்டதாயிற்று.

இக்கொள்கையும் நிலைத்திலது. ஈர்க்கப்பட்ட பொருள் கோள்களின் கோண உந்தத்தைப் பெற இயலாதென 1935-இல் ரஸ்ஸல் காட்டினார். ஞாயிற்றினுள்ளிருந்து வரும் கொடுவெப்ப வாயு திரளுமுன் சிதறிப்போம் என 1939-இல் ஸ்பிட்ஸர் நிறுவினார்.

1944-இல் வைஸ்ஸேக்கர் என்பார் பழைய கொள்கையைத் திருத்தி மீண்டும் எழுப்பினார். ஆல்ப்வேன், ஹாயில் முதலியோர் முதற்றடைக்கு விடை கூறினர்: இளஞாயிற்றின் காந்தப்புலம் அதன் சுழற்சியைக் கவர்ந்து வெளியே செலுத்த, ஞாயிறு மெலிந்து சுழல்வதாயிற்று. வட்டாகப் பரந்த படலத்திலிருந்த தூளிகள் ஒட்டித் திரண்டு, படிப்படியாய்க் கோள்களான முறையை 1969-இல் ஸாப்ரனோவ் கணித்துரைத்தார். ஞாயிற்றின் அண்மையில் வெப்பம் மிகுதியாதலின் கல்லும் உலோகமுமே திரண்டு, புதன், வெள்ளி, நிலம், செவ்வாய் எனச் சிறு கோள்களாயின. சேய்மையிற் பனிக்கட்டியும் உடன்சேர்ந்தமையால் பெருங்கோள்கள் உண்டாயின. அவற்றுள் வியாழனும் சனியும் வாயுவையும் மிகுதியாக ஈர்த்துக்கொண்டன. விண்வீழ் கற்களிலுள்ள, ஞாயிற்றுக் குடும்பத்திலேயே திரண்ட துகள்களுள் மிகப் பழையவற்றின் அகவை ஏறக்குறைய 457 கோடி ஆண்டு.

கருதலளவையாய் நின்ற இக்கொள்கைக்குக் காட்சியும் துணையாயிற்று. 2014-இல் சிலி நாட்டுத் தொலைநோக்கித் தொகுதியொன்று, இடப மண்டலத்து இளமீனொன்றைச் சூழ்ந்த தூளிவட்டையும் அதன் வளைய இடைவெளிகளையும் தெளிவுறக் காட்டிற்று. பிற ஞாயிறுகளைச் சுற்றுவனவாக 5,000-க்கு மேற்பட்ட கோள்கள் அறியப்பட்டுள்ளன. ஆதலின் கோள்களின் பிறப்பு அரிய விபத்தன்று. விண்மீன் பிறப்பின் உடனிகழ்ச்சியேயாம் எனத் துணியப்படும். லாப்லாஸ் கூறிய வெப்ப வளையங்கள் கழிந்தன. சுழலும் ஒரு படலத்தினின்றே அனைத்தும் தோன்றின என்னும் முதற்கருத்து நின்றது. 1995-இல் தன் ஞாயிற்றை நான்கு நாளிற் சுற்றும் பெருங்கோளொன்று அறியப்பட்டபோது புதியதொரு தடை எழுந்தது. கோள்கள் பிறந்த இடத்தினின்று பெயர்தலும் உண்டு என்பது அதற்குக் கூறப்படும் விடை.